இணையத்தில் ஆவணம் எழுதுவது எப்படி: முதல் வரியிலிருந்து காப்புப் பிரதி வரை

ஒரே அறிக்கையை நாலு பேர் மாற்றி மாற்றி மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பது கூட்டாக வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி திருத்தியது 2' என்று கோப்புகள் பெருகிக்கொண்டே போகும். யாருடைய திருத்தம் எதில் இருக்கிறது என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். பிரவுசரிலேயே எழுதும் முறை இந்தத் தொல்லையைத்தான் முதலில் தீர்க்கிறது. ஆவணம் ஒரே இடத்தில் இருக்கிறது, எழுதுகிறவர்கள் அங்கே வந்து போகிறார்கள்.

ஆனால் பலர் இதை வெறும் தட்டச்சுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, பகிர்வு அனுமதி, திருத்தப் பரிந்துரை, பழைய பதிப்புகள் என்ற மூன்றையும் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் எழுதுவதன் முழுப் பலனும் இந்த மூன்றில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் எழுத்துரு, நிறம் போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இவற்றில் அதிக நேரம் நிற்கப்போகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கூகுள் டாக்ஸிலிருந்து வரும். வேர்டின் இணையப் பதிப்பிலும் ஜோஹோ ரைட்டரிலும் பட்டன்களின் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

எதில் எழுதுவது

பிரவுசருக்குள் முழு ஆவணம் எழுதலாம் என்பது பரவலாகத் தெரியவந்தது 2005 வாக்கில். ரைட்லி என்ற சேவையும் ஜோஹோ ரைட்டரும் அந்த ஆண்டில் வந்தவை. 2006 மார்ச்சில் ரைட்லியை கூகுள் வாங்கியது, இன்றைய கூகுள் டாக்ஸ் அதிலிருந்து வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் மென்பொருள்களின் இணையப் பதிப்பை 2010-இல் வெளியிட்டது.

எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். டாக்ஸும் ஜோஹோவும் இணையத்துக்கென்றே உருவானவை, அதனால் பலர் சேர்ந்து எழுதும் வேலைக்கு இயல்பாகப் பொருந்தும். வேர்டின் இணையப் பதிப்பு டாக்எக்ஸ் (.docx, வேர்ட் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பை அதன் வடிவம் மாறாமல் திறப்பதற்கு நம்பகமானது. எழுதி முடித்ததை ஒரு பதிப்பகத்துக்கோ ஆய்விதழுக்கோ குறிப்பிட்ட வேர்ட் அமைப்பில் கொடுக்க வேண்டும் என்றால் ஆரம்பத்திலிருந்தே வேர்டில் எழுதிவிடுங்கள்.

உள்ளடக்கம் ரகசியமானது என்றால் கிரிப்ட்பேட் இருக்கிறது. அதில் எழுத்து உங்கள் பிரவுசரிலேயே குறியாக்கம் ஆகிவிடுவதால், சேவையை நடத்துகிறவர்களாலும் படிக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு கொலாபரா ஆன்லைன், ஒன்லிஆபீஸ் இரண்டும் உண்டு. கணிதச் சமன்பாடுகள் நிறைந்த கட்டுரைக்கு ஓவர்லீஃப்.

இலவச இடம் எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் புகைப்படங்களும் பங்குபோட்டுக்கொள்ளும். மைக்ரோசாஃப்டின் இலவசக் கணக்கில், கோப்புகளைச் சேமிக்கும் ஒன்டிரைவுக்கு 5 ஜிபி. வெறும் எழுத்துக்கு இது தாராளம். இடத்தைத் தின்பது படங்கள்தான்.

ஆரம்பிக்கும்போதே செய்துவிட வேண்டியவை

கணக்கில் நுழைந்த பிறகு, முகவரிப் பட்டையில் டாக்ஸ், புள்ளி, நியூ என்று ஆங்கிலத்தில் தட்டினால் புதிய ஆவணம் நேரே திறந்துவிடும். முதல் வரி எழுதுவதற்கு முன்னால் பெயர் வையுங்கள். பெயரில்லாத ஆவணங்கள் இருபது முப்பது சேர்ந்துவிட்டால் எதையும் தேடி எடுக்க முடியாது. பெயரின் முன்னால் ஆண்டும் மாதமும் இருந்தால் ('2025-03 ஆண்டறிக்கை' என்பதுபோல) பட்டியல் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

அடுத்து ஃபைல் மெனுவில் பக்க அமைப்பைத் திறந்து தாள் அளவைப் பாருங்கள். லெட்டர் அளவில் இருந்தால் ஏ4 ஆக்கி, அதையே இயல்புநிலையாகவும் வைத்துவிடுங்கள். முப்பது பக்கம் எழுதி முடித்த பிறகு தாள் அளவை மாற்றினால் பக்கப் பிரிவுகள் எல்லாம் நகர்ந்துவிடும். அச்சுக்கே போகாத, திரையில் மட்டும் படிக்கப்போகும் ஆவணம் என்றால் பக்கமில்லா அமைப்பு நல்லது, அகலமான அட்டவணைகள் அதில் சுகமாக உட்காரும்.

அதே மெனுவில் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்றவை டாக்ஸிலேயே கிடைக்கும். 'மேலும் எழுத்துருக்கள்' பகுதியில் தமிழ் வரிவடிவத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் வரும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு கையில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். மாற்றாமல் ஏற்றினால் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். தேடலும் வேலை செய்யாது.

வாயால் சொல்லி எழுதவும் வழி இருக்கிறது. குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மைக் வரும், மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. முதல் வரைவுக்கு இது பெரிய உதவி. நிறுத்தக்குறிகளையும் சந்தியையும் அப்புறம் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

தலைப்புகளை நடையாகக் கொடுங்கள்

எழுத்தைத் தடிமனாக்கி, அளவைக் கூட்டினால் கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும். மென்பொருளுக்கு அது இன்னும் சாதாரண வரிதான். நடை (ஸ்டைல்) என்ற பட்டியலில் உள்ள தலைப்பு நடையைக் கொடுத்தால்தான் இடதுபுறச் சட்டகத்தில் அது வரும், உள்ளடக்கப் பட்டியல் தானாக உருவாகும், திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிற பார்வையற்றவர்கள் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடு 1 என்றால் பெரிய தலைப்பு, 2 என்றால் துணைத்தலைப்பு, 0 என்றால் சாதாரணப் பத்தி. தோற்றம் பிடிக்கவில்லையா? ஒரு தலைப்பை மட்டும் விருப்பப்படி மாற்றிவிட்டு, நடைப் பட்டியலில் 'பொருந்தும்படி புதுப்பி' என்பதைத் தேர்ந்தெடுங்கள், மற்ற தலைப்புகள் எல்லாம் அதேபோல மாறிவிடும்.

வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிப்ட், வி என்று ஒட்டுங்கள். பழைய இடத்தின் நிறம், அளவு எதுவும் கூட வராது. ஆவணம் அலங்கோலமாவதற்கு முக்கியக் காரணம் சாதாரணமாக ஒட்டுவதுதான்.

ஒரு டாக்ஸ் ஆவணத்துக்கு உச்சவரம்பு 10 லட்சத்து 20 ஆயிரம் எழுத்துக்குறிகள். முழுப் புத்தகமும் அடங்கும் அளவு அது. ஆனாலும் படங்களும் நிறைய கருத்துக் குறிப்புகளும் சேர்ந்தால், அந்த வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே திறக்க நேரமெடுக்கும். நீளமான படைப்பை அத்தியாயத்துக்கு ஓர் ஆவணமாகப் பிரித்துவிடுவதே நல்லது.

பகிர்வது: இங்கேதான் கவனம் வேண்டும்

ஷேர் பட்டனை அழுத்தினால் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, மின்னஞ்சல் முகவரி கொடுத்து ஆளை அழைப்பது. இன்னொன்று, இணைப்பு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்று விட்டுவிடுவது. இரண்டாவதுதான் சுலபம் என்று பலர் அதையே எடுக்கிறார்கள். ஒன்றை யோசியுங்கள். அந்த இணைப்பை ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், குழுவில் இருக்கிற அத்தனை பேரும் உள்ளே வரலாம். அதில் திருத்தும் அனுமதியும் சேர்ந்திருந்தால் யாரோ முகம் தெரியாத ஒருவர் உங்கள் பத்தியை அழிக்கலாம், அவர் பெயர்கூடத் தெரியாது, 'பெயரற்ற' விலங்கு ஒன்றின் படம்தான் மேலே நிற்கும்.

அனுமதியில் மூன்று நிலைகள் உண்டு: பார்ப்பவர், கருத்துச் சொல்பவர், திருத்துபவர். என் பழக்கம் இதுதான். கூட எழுதுகிறவர்களுக்கு மட்டும் திருத்தும் அனுமதி, அதுவும் பெயர் குறிப்பிட்டு. படித்துக் கருத்துச் சொல்கிறவர்களுக்குக் கருத்து அனுமதி. தகவலுக்காகப் பார்க்கிறவர்களுக்கு இணைப்பு வழியாகப் பார்க்கும் அனுமதி. மேலாளராக இருந்தாலும் அவர் கருத்து மட்டும்தான் சொல்லப்போகிறார் என்றால் கருத்து அனுமதியே போதும், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பகிர்வுப் பெட்டியில் ஒரு சிறிய பற்சக்கரச் சின்னம் இருக்கிறது, பலரின் கண்ணில் படாத இடம் அது. திருத்துபவர்கள் தாங்களே இன்னும் பலரை உள்ளே சேர்க்கலாம் என்பது அங்கே ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். முக்கியமான ஆவணங்களில் அதை எடுத்துவிடுங்கள். பார்ப்பவர்களும் கருத்துச் சொல்பவர்களும் பதிவிறக்கம் செய்யவோ அச்செடுக்கவோ நகலெடுக்கவோ கூடாது என்று தடுப்பதும் அங்கேதான். திரையைப் படம் பிடிப்பதை அதனால் தடுக்க முடியாது என்பதால், ரகசியத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

படிவம் மாதிரி ஓர் ஆவணத்தைப் பலருக்குக் கொடுத்து ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டுமா? முதலில் அதைப் பார்க்கும் அனுமதியோடு பகிருங்கள். பிறகு இணைப்பின் கடைசியில் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதன் பின்னால் வருவதும் இருக்கிற இடத்தில் 'காப்பி' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டு அனுப்புங்கள். திறக்கிறவருக்கு நகல் எடுக்கட்டுமா என்ற கேள்வி மட்டுமே வரும், மூல ஆவணம் பத்திரமாக இருக்கும்.

ஒரே வரியில் இரண்டு பேர் எழுதினால்

பலருக்கும் உள்ள பயம் இது: நான் எழுதும்போதே இன்னொருவரும் எழுதினால் ஒன்றை ஒன்று அழித்துவிடாதா? அழிக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால் தைரியமாகச் சேர்ந்து எழுதலாம்.

ஆவணத்தில் 'கூட்டம் நாளை' என்று இருக்கிறது என்று வையுங்கள். கணினி இதை யூனிகோடு குறிகளாக எண்ணும், அதாவது எழுத்தோடு சேரும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'கூட்டம்' 7 குறிகள், இடைவெளி 1, 'நாளை' 4, மொத்தம் 12. இப்போது நீங்கள் தொடக்கத்தில் 'அவசரக்' என்று எழுதி ஓர் இடைவெளி விடுகிறீர்கள். அதே நொடியில் உங்கள் நண்பர் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'காலை' என்று சேர்க்கிறார். நண்பரின் கணினி அனுப்பும் கட்டளை, '12-ஆம் குறிக்குப் பின்னால் காலை' என்பது. அதை அப்படியே நிறைவேற்றினால், உங்கள் சொல் ஏற்கெனவே நுழைந்துவிட்டதால் 'காலை' வாக்கியத்தின் நடுவில் போய் விழும். அதனால் முன்னால் 7 குறிகள் சேர்ந்ததைப் பார்த்து, 12 என்பதை 19 ஆக மாற்றிய பிறகே அது சேர்க்கப்படுகிறது. இருவர் திரையிலும் 'அவசரக் கூட்டம் நாளை காலை' என்று ஒரே வாக்கியம் நிற்கும். கட்டளைகளை இப்படி இடம் மாற்றிப் பொருத்தும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-லேயே முன்வைத்தார்கள். கூகுள் டாக்ஸ் நடப்பது இந்த வழியில்தான்.

இந்த முறை எழுத்துகளைக் காப்பாற்றும், அர்த்தத்தைக் காப்பாற்றாது. நீங்கள் தேதியை வெள்ளி என்று மாற்றும்போது இன்னொருவர் கீழே வியாழன் என்றே விளக்கம் எழுதிக்கொண்டிருந்தால் இரண்டும் அப்படியே இருக்கும். அதனால் யார் எந்தப் பகுதி என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

திருத்துங்கள், ஆனால் பரிந்துரையாக

அடுத்தவர் எழுதியதில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். வலது மேல் மூலையில் பென்சில் படம் உள்ள இடத்தில் பரிந்துரை நிலைக்கு மாறிவிட்டுத் திருத்துங்கள். அழித்தது கோடிட்டும், சேர்த்தது நிறம் மாறியும் தெரியும், ஓரத்தில் உங்கள் பெயரோடு ஒரு பெட்டி வரும். எழுதியவர் டிக் அடித்தால் ஏற்கப்படும், பெருக்கல் குறியை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். வேர்டில் இதுவே 'டிராக் சேஞ்சஸ்'.

ஏன் திருத்தினீர்கள் என்பதையும் அதே பெட்டியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். 'இந்த எண் மூன்றாம் பக்க அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை' என்று ஒரு வரி இருந்தால், எழுதியவர் உடனே முடிவெடுப்பார். காரணமில்லாத திருத்தம் மனவருத்தத்தைத்தான் உண்டாக்கும்.

கேள்வி மட்டும்தான் என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எம் அழுத்திக் கருத்து எழுதுங்கள். அதில் அட் குறி போட்டு ஒருவரின் மின்னஞ்சலைச் சேர்த்தால் அவருக்குத் தகவல் போய்விடும், அந்த வேலையை அவர் பெயரிலேயே ஒப்படைக்கவும் முடியும். பதில் கிடைத்ததும் 'முடிந்தது' என்று மூடிவிடுங்கள். ஓரம் முழுக்கப் பழைய கருத்துகள் தொங்கினால் புதியது எதுவும் கண்ணில் படாது.

பழைய பதிப்புக்குத் திரும்புவது

ஃபைல் மெனுவில் பதிப்பு வரலாறு இருக்கிறது. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது நிறம் பிரித்துத் தெரியும். ஒரு பத்தி காணாமல் போனால் பதறாமல் இங்கே வாருங்கள், அந்தப் பத்தி இருந்த நேரத்தைத் திறந்து அதை மட்டும் நகலெடுத்து இன்றைய ஆவணத்தில் ஒட்டுங்கள். முழுப் பதிப்பையும் மீட்டெடுத்தால், இடையில் மற்றவர்கள் செய்த நல்ல வேலையும் சேர்ந்தே திரையிலிருந்து போய்விடும்.

முக்கியமான கட்டங்களில் பதிப்புக்குப் பெயர் சூட்டுங்கள்: 'முதல் வரைவு', 'குழு பார்த்தது', 'அனுப்பியது'. பெயரில்லாத சிறுசிறு பதிப்புகளை கூகுள் நாளடைவில் ஒன்றாகச் சேர்த்துவிடக்கூடும். பெயர் வைத்தால் தேடுவதும் சுலபம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருத்தும் அனுமதி உள்ள எவரும் இந்த வரலாற்றைப் பார்க்கலாம். நீங்கள் எழுதி அழித்த சம்பள விவரம், கோபத்தில் எழுதிய வரி எல்லாம் அதில் இருக்கும். வெளியாருக்குத் திருத்தும் அனுமதி கொடுப்பதற்கு முன்னால் ஆவணத்தை நகலெடுத்து, நகலைப் பகிருங்கள். நகலுக்குப் பழைய வரலாறு போகாது.

இணையம் இல்லாதபோது

டாக்ஸ் ஆவணங்கள் சேமிக்கப்படும் கூகுள் டிரைவின் அமைப்புகளில் ஆஃப்லைன் என்பதை இணையம் இருக்கும்போதே இயக்கி வைக்க வேண்டும். கணினியில் குரோம் அல்லது எட்ஜ் பிரவுசர் தேவை, கூகுள் டாக்ஸ் ஆஃப்லைன் என்ற நீட்சியும் (பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்) வேண்டும். பயணம் போகும் முன் அந்த ஆவணத்தை ஒருமுறை திறந்து, மேலே மேகப் படத்தை அழுத்தி, ஆஃப்லைனில் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக் கணினியில் இதைச் செய்யாதீர்கள், உங்கள் ஆவணங்கள் அங்கேயே தங்கிவிடும். வேர்டின் இணையப் பதிப்புக்கு இணையம் கட்டாயம் வேண்டும். அங்கே ஆஃப்லைன் வேலைக்குக் கணினியில் நிறுவும் வேர்ட்தான் வழி.

வேர்ட் கோப்பைக் கொண்டுவருவதும் வெளியே எடுப்பதும்

டாக்எக்ஸ் கோப்பை டிரைவில் ஏற்றினால் அது டாக்எக்ஸாகவே திறக்கும், பெயருக்குப் பக்கத்தில் சிறிய சின்னம் அதைக் காட்டும். திரும்ப வேர்டுக்கே போக வேண்டிய கோப்பு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். இனி டாக்ஸில்தான் என்றால் 'கூகுள் டாக்ஸாகச் சேமி' கொடுங்கள். மாற்றிய உடனே உரைப்பெட்டிகள், அட்டவணை அகலங்கள், எழுத்துரு மூன்றையும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். மேக்ரோக்கள் (வேர்டில் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்புகள்) வேலை செய்யாது.

வெளியே எடுக்கும்போது டாக்எக்ஸ், ஓப்பன் டாகுமென்ட் (.odt), பிடிஎஃப், மின்னூலுக்கான இபப் எல்லாம் கிடைக்கும். படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் சரி. மேற்கோள் எடுத்து எழுதப்போகிறவர்களுக்கு டாக்எக்ஸும் சேர்த்துக் கொடுங்கள், ஏனென்றால் பிடிஎஃபிலிருந்து நகலெடுக்கும் தமிழ் பல நேரங்களில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து வரும்.

காப்புப் பிரதி

தானாகச் சேமிக்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்கலாம். 2017 அக்டோபர் 31 அன்று கூகுள் டாக்ஸ் பயனர்கள் சிலருக்குத் தங்கள் ஆவணங்களே திறக்கவில்லை, விதிமீறல் என்று அறிவிப்பு வந்தது. மென்பொருள் மாற்றத்தில் நேர்ந்த பிழை என்று கூகுள் பிறகு விளக்கி, சரிசெய்துவிட்டது. ஆனால் அன்று மாலைக்குள் கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தவருக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்?

அதனால் வாரம் ஒருமுறை, நடந்துகொண்டிருக்கும் முக்கிய ஆவணத்தை டாக்எக்ஸாக இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக எடுக்க கூகுள் டேக்அவுட் இருக்கிறது. கணினியில் டிரைவ் கோப்புறையை ஒத்திசைத்து வைத்திருப்பது காப்புப் பிரதி ஆகாது. அங்கே தெரியும் டாக்ஸ் கோப்புகள் வெறும் இணைப்புகள், உள்ளே எழுத்து இல்லை.

நீக்கிய ஆவணம் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அப்புறம் நிரந்தரமாகப் போய்விடும். 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கூகுள் கணக்குகளையும் நிறுவனம் நீக்கலாம். அந்த நடவடிக்கை 2023 டிசம்பரில் தொடங்கியது.

கடைசியாக, உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அலுவலகக் கணக்கிலோ கல்லூரிக் கணக்கிலோ தொடங்கிய ஆவணம் அந்த நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. கணக்கு மூடப்படும் நாளில் உங்களால் அதைத் திறக்க முடியாது. சொந்த எழுத்தைச் சொந்தக் கணக்கிலேயே தொடங்குங்கள். தனிநபர் கணக்குகளுக்கு இடையே உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்றால், பகிர்வுப் பெட்டியில் அவர் பெயருக்கு எதிரே 'உரிமையை மாற்று' கொடுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மாற்றம் நடக்கும், அதுவரை உரிமையாளர் நீங்கள்தான்.